ரேடியேட்டர் ஒழுகினால்: பொடியா, பட்டறையா, புதுசா?

கொல்லிமலைக்கு 70 கொண்டை ஊசி வளைவுகள். பாதி தாண்டுவதற்குள் வண்டியின் உண்மையான உடல்நிலை தெரிந்துவிடும். எங்கள் பதினோரு வயது சின்னக் காரில் குடும்பத்தோடு ஏறியபோது, நாற்பதாவது வளைவையொட்டி டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. ஓரங்கட்டி பானெட்டைத் தூக்கினால், ரேடியேட்டரின் மேல் பிளாஸ்டிக் டேங்க்கும், மெல்லிய குழாய்களும் தகடுகளும் அடுக்கிய நடுப்பகுதியான அலுமினிய கோரும் சேரும் மடிப்பில் ஆவி சீறிக்கொண்டிருந்தது. ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் பார்த்தேன். அந்த மடிப்பு நெடுக வெளிர்பச்சையாக உப்புப் பூத்திருந்தது. அன்றைக்கு விட்ட லீக் இல்லை அது. மாதக்கணக்கில் கசிந்து, காய்ந்து, படிந்த தடம்.

அதற்கப்புறம் மூன்று யோசனைகள் வந்தன. ஓட்டையை அடைக்கும் பொடி போடலாம், பட்டறையில் டேங்க் மாற்றலாம், புது ரேடியேட்டரே வாங்கிவிடலாம். அந்த ஒரே காருக்கு மூன்று வாசலிலும் நின்றுவிட்டேன் என்பதால், எது எதற்குச் சரிவரும் என்று எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் ஒன்று. வண்டி சூடாகிறது என்றாலே ரேடியேட்டர்தான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. சிக்னலில் நிற்கும்போது சூடு ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள்: மோட்டார், ரிலே, ஃபியூஸ். மாறாக நிற்கும்போது சரியாக இருந்து, நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் ஏறுகிறது என்றால் ரேடியேட்டரில் அடைப்பு இருக்கலாம், இல்லையென்றால் வாட்டர் பம்ப். பம்ப்பின் அடியில் கசிவு தெரிவதற்கென்றே சின்ன துளை ஒன்று விட்டிருப்பார்கள். அங்கே ஈரமோ உப்புத் தடமோ இருந்தால் பம்ப்பின் சீல் போய்விட்டது. வெளியே சொட்டே இல்லாமல் கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், குறைந்துகொண்டே போனால் ஹெட் கேஸ்கட்டை, அதாவது எஞ்சினுக்கும் அதன் தலைப்பகுதிக்கும் நடுவில் இருக்கும் சீலைச் சந்தேகிக்க வேண்டும். ரேடியேட்டர் வாயில் ஒரு நீலத் திரவத்தை வைத்துச் சோதிப்பார்கள். எஞ்சினுக்குள் எரிந்த புகை கலந்த காற்று பட்டால், பெட்ரோல் வண்டியில் அது மஞ்சளாக மாறும். அப்படி மாறினால் இந்தக் கட்டுரையின் மூன்று வழியும் உங்களுக்குப் பயன்படாது, ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டும்.

ரேடியேட்டர் மூடியையும் சாதாரணமாக நினைக்காதீர்கள். 0.9 (பார் அழுத்தம்) என்று அச்சிட்ட மூடி சரியாக இருந்தால், உள்ளே வெறும் தண்ணீரே இருந்தாலும் அது 119 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அதன் ஸ்பிரிங்கோ ரப்பரோ தளர்ந்தால் 100 டிகிரியிலேயே கொதித்து ரிசர்வ் டேங்க்குக்குத் தள்ளிவிடும். சில நூறு ரூபாய் மூடிக்காக ரேடியேட்டரையே மாற்றியவர்களை எனக்குத் தெரியும். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் விட்ட மறுநொடி உள்ளே இருப்பது ஆவியாகி முகத்துக்கு வரும்.

சரி, பொடிக்கு வருவோம். அந்தக் காலத்து லாரி, அம்பாசிடர் டிரைவர்கள் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் கொட்டி ஊர் வந்து சேர்ந்த கதையைக் கேட்டிருப்பீர்கள். கதை உண்மைதான். தூள் தண்ணீரோடு சுற்றி, ஓட்டை வழியே வெளியேறப் பார்க்கும்போது அங்கேயே சிக்கிக் கெட்டியாகிறது. கடையில் விற்கிற ஸ்டாப் லீக்கும் இதே வேலையைத்தான் செய்கிறது. கோரில் ஊசிமுனை அளவு ஓட்டை என்றால் நிற்கும். ஆனால் எது ஓட்டை, எது குழாய் என்று அதற்குத் தெரியாதே. இன்றைய அலுமினிய ரேடியேட்டரின் தட்டைக் குழாய்களுக்குள் இடைவெளி ஓரிரு மில்லிமீட்டர்தான், வண்டிக்குள் வெப்பம் தரும் ஹீட்டரின் கோரும் அப்படித்தான். பழைய துரு ஏற்கெனவே படிந்திருந்தால் பொடி அதன்மேல் போய் உட்கார்ந்துகொள்ளும். மடிப்பில் கசிவு என்றால் இன்னும் மோசம். சூட்டில் விரிந்து ஆறும்போது சுருங்குகிற இடத்தில் எந்தப் பொடியும் நிலைக்காது. அன்றைக்கு அடிவாரத்தில் ஒரு மெக்கானிக் போட்டுவிட்டார், வீடு வந்தோம். மூன்றாம் நாள் அதே இடத்தில் சொட்ட ஆரம்பித்தது. வழியில் மாட்டிக்கொண்டவருக்குப் பொடி கைகொடுக்கும், மறுக்கவில்லை. ஆனால் வீடு சேர்ந்ததும் தண்ணீர் விட்டு முழுசாக அலசி (ஃபிளஷ் செய்து) வெளியேற்றிவிடுங்கள்.

அடுத்தது பட்டறை. நாமக்கல் லாரி ஊர் என்பதால் ரேடியேட்டர் பட்டறைக்குப் பஞ்சமில்லை. நான் போன பட்டறையில் ஒரு பெரியவர் குழாய் முனைகளை ரப்பர் கட்டை வைத்து அடைத்தார், தண்ணீர்த் தொட்டியில் ரேடியேட்டரை முக்கினார், காற்றை விட்டார். மடிப்பிலிருந்து வரிசையாகக் குமிழ் வந்தது. அது எதிர்பார்த்ததுதான். கோரின் நடுவிலும் இரண்டு இடத்தில் சின்னச் சின்னதாகக் குமிழ் ஏறியது. வெளியே எடுத்து விரலால் லேசாகத் தேய்த்தார், மெல்லிய அலுமினியத் தகடுகள் அப்பளம் போல உதிர்ந்தன. “டேங்க் மாத்தித் தரலாமுங்க. ஆனா கோரே பூத்துப் போச்சு. உங்ககிட்டக் காசு வாங்க எனக்கு மனசு வரலீங்க” என்றார். அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றைக்கும் அவரிடம்தான் போகிறேன்.

கோர் நன்றாக இருந்து, டேங்க்கோ உள்ளே இருக்கும் ரப்பர் வளையமோ மட்டும் போயிருந்தால் பட்டறை நல்ல வழி. அலுமினியப் பற்களை நிமிர்த்தி, புது ரப்பரும் டேங்க்கும் வைத்துத் திரும்ப மடித்துத் தருவார்கள். புதுசின் விலையில் பாதிகூட ஆகாது. பித்தளை, செம்பு ரேடியேட்டர் என்றால் யோசிக்கவே வேண்டாம், பட்டறைதான். ஈயம் வைத்துப் பற்றலாம், டேங்க்கைக் கழற்றிக் குழாய்க்குக் குழாய் கம்பி விட்டு அடைப்பெடுக்கலாம், அது பல வருடம் உழைக்கும். அலுமினியத்தில் ஈயம் அப்படி ஒட்டாது. அரால்டைட் மாதிரிப் பசையைப் பூசித் தருவதாகச் சொன்னால் அதைப் பழுதுபார்ப்பு என்று எண்ண வேண்டாம், அதுவும் பொடிக்கு அண்ணன்தான்.

பத்து வருடம் ஓடிய பிளாஸ்டிக் டேங்க் ரேடியேட்டருக்கு என் முடிவு புதுசுதான். வருடக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக் மேலே விரிசல் விட்டிருக்கிறது என்றால் கீழ் டேங்க்குக்கும் அதே வயதுதானே. கம்பெனி பெட்டியில் வருவதுதான் வேண்டும் என்பதில்லை, பெயருள்ள வெளித் தயாரிப்பு போதும். ஆனால் பழையதைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு வாங்குங்கள். கோரின் தடிமன் குறைந்திருக்கக் கூடாது, ஃபேன் கூட்டின் துளைகள் பொருந்த வேண்டும், ஏசி மாடலா என்று பார்க்க வேண்டும். ஆட்டோமேட்டிக் கியர் வண்டி என்றால் ஆயில் போய்வரும் இணைப்புகள் இருக்க வேண்டும். கையோடு மூடி, இரண்டு ஹோஸ், கிளாம்ப் எல்லாவற்றையும் மாற்றிவிடுவது நல்லது. சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகளில் பழைய ரேடியேட்டர் மலிவாகக் கிடைக்கும்தான். தொட்டியில் முக்கிக் காட்டினால் ஒழிய வாங்க மாட்டேன்.

ரேடியேட்டரை இறக்கும்போது பெரும்பாலும் ஒரு யோசனை கூடவே வரும்: “தெர்மோஸ்டாட்டைக் கழற்றிப் போட்டுடலாம் சார், நம்ம ஊரு வெயிலுக்கு எதுக்கு?” சூடு ஏறியபிறகே ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் வால்வுதான் தெர்மோஸ்டாட். இதில் எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை. எஞ்சின் 90 டிகிரி வாக்கில் ஓடத்தான் செய்யப்பட்டது. தெர்மோஸ்டாட் இல்லையென்றால் எஞ்சின் இன்னும் சூடாகவில்லை என்று நினைத்துக் கணினி கூடுதலாக எரிபொருள் ஊற்றிக்கொண்டே இருக்கும், மைலேஜ் விழும், கரி படியும். சில எஞ்சின்களில் அதே வால்வுதான் பைபாஸ் வழியையும் மூடுகிறது. அதைக் கழற்றினால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் சுற்றிவந்து, மேட்டில் சூடு இன்னும் ஏறும். பழையதைச் சோதிப்பது சுலபம். பாத்திரத்துத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டுக் கொதிக்க வையுங்கள். அதன் மேலேயே பொறித்திருக்கும் டிகிரியையொட்டித் திறக்க ஆரம்பிக்க வேண்டும். திறக்கவில்லையா, புதுசு போடுங்கள்.

தண்ணீரா, கூலன்ட்டா என்பதிலும் ஒரு வார்த்தை. சூட்டைச் சுமப்பதில் வெறும் தண்ணீர்தான் உசத்தி, அது உண்மை. ஆனால் துருவைத் தடுக்க அதில் ஒன்றும் இல்லை. போர் தண்ணீர் ஊற்றினால் வெந்நீர்ப் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிவது எஞ்சினுக்குள்ளும் படியும். கலந்தே விற்கும் கூலன்ட்டை ஊற்றுங்கள், அல்லது டிஸ்டில்டு வாட்டரில் பாதிக்குப் பாதி. நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள், பச்சை, சிவப்பு எல்லாம் ஒவ்வொரு கம்பெனி வைத்த சாயம். வண்டிக் கையேடு சொல்லும் வகைதான் கணக்கு. பழைய கூலன்ட் இனிக்கும், நாயும் பூனையும் நக்கினால் செத்துவிடும். கீழே கொட்டி விடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் காற்றை வெளியேற்றுவதில் அவசரப்படக் கூடாது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைக் கழற்றி, முன்பக்கம் சற்று மேடாக நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து ஐடிலில் ஓடவிட வேண்டும். குமிழ் வரவர மட்டம் இறங்கும், ஊற்றிக்கொண்டே வந்து, குமிழ் நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை பார்க்க வேண்டும். எங்கள் காரில் மறுநாள் காலை அரை டம்ளர் இறங்கியிருந்தது, ஊற்றினேன். அதற்கடுத்த நாள் இறங்கவில்லை.