கூகுள் ஆட்ஸில் தடைப்பட்டியலும் அனுமதிப்பட்டியலும்: என் கருத்து

கூகுள் ஆட்ஸ் வழியாக மற்றவர்களின் தளங்களிலும் ஆப்களிலும் டிஸ்ப்ளே விளம்பரம் (படமாகத் தெரியும் விளம்பரம்) போடுகிறவர்கள் பெரும்பாலும் கிளிக் எண்ணிக்கையைப் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள், விளம்பரம் எங்கெங்கே காட்டப்பட்டது என்ற அறிக்கையைத் திறப்பதே இல்லை. திறந்தால் குழந்தைகள் விளையாடும் கேம் ஆப், டார்ச் ஆப், யாரும் கேள்விப்படாத தளங்கள் என்று காசு போன வழி வரிசையாகத் தெரியும். அந்த வழியை அடைக்கத்தான் தடைப்பட்டியல், அதாவது விளம்பரம் காட்டவே கூடாத இடங்களின் பட்டியல்.

கருவியாக அது நன்றாகவே இருக்கிறது. ஒரு பட்டியலில் 65,000 இடங்கள் வரை சேர்க்கலாம், அதை எத்தனையோ கேம்பெயின்களுக்குப் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். அக்கவுண்ட் மட்டத்தில் போட்டுவிட்டால் இன்னும் நிம்மதி, பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸ் (எங்கே காட்டுவது என்பதை கூகுளே தானாக முடிவு செய்யும் வகை) கேம்பெயினுக்கும் அது பொருந்தும். ஒரு டொமைனை (தள முகவரியை) தடுத்தால் அதன் துணை டொமைன்களும் சேர்ந்தே போய்விடும்.

ஆப் விஷயம்தான் படுத்துகிறது. கூகுள் ஆட்ஸின் இணையப் பக்கத்தில் எல்லா ஆப்களையும் ஒரே சொடுக்கில் விலக்க வழியில்லை, நூற்றுக்கும் மேற்பட்ட வகைகளை ஒவ்வொன்றாக டிக் செய்ய வேண்டும். ஆட்ஸ் எடிட்டர் என்ற கூகுளின் கணினி மென்பொருளில் ஒரே குறியீட்டில் முடிகிற வேலை இது, அதை முன்னாலேயே ஒரு பொத்தானாக வைத்திருக்கலாம். அப்புறம் பெர்ஃபார்மன்ஸ் மேக்ஸின் இட அறிக்கை எத்தனை முறை காட்டப்பட்டது என்பதை மட்டும் சொல்கிறது, எந்த இடத்தில் எவ்வளவு செலவானது என்று சொல்வதில்லை. செலவு தெரியாமல் எதைத் தடுப்பது என்று முடிவெடுப்பது பாதி ஊகம்தான்.

ஆனால் பெரிய பிரச்சினை கருவியில் இல்லை. தடுக்கத் தடுக்கப் புதுத் தளம் முளைத்துக்கொண்டே இருக்கும். அமெரிக்க விளம்பரதாரர் சங்கமான ஏ.என்.ஏ 2023இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு கேம்பெயின் சராசரியாக 44,000 தளங்களில் ஓடியிருந்தது, செலவில் 15 சதவீதம் விளம்பரத்துக்காகவே உருவாக்கப்பட்ட குப்பைத் தளங்களுக்குப் போயிருந்தது. இதைப் பட்டியல் போட்டுத் துரத்தி யாராலும் முடிக்க முடியாது. 2017இல் ஜேபி மார்கன் சேஸ் வங்கி மாதம் சுமார் 4,00,000 தளங்களில் ஓடிக்கொண்டிருந்த தன் விளம்பரங்களை, ஆட்களே பார்த்துத் தேர்ந்தெடுத்த 5,000 தளங்களுக்குச் சுருக்கியது, பலனில் பெரிய மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதனால் பட்ஜெட் சிறியது என்றால் அனுமதிப்பட்டியலில்தான், அதாவது இந்தத் தளங்களில் மட்டும் காட்டு என்று நீங்களே கொடுக்கும் பட்டியலில்தான், தொடங்க வேண்டும் என்று அழுத்தமாகச் சொல்வேன்.

அதைச் செய்யும்போது ஒன்றைக் கவனியுங்கள். நீங்கள் கொடுத்த தளங்களோடு தலைப்புகளையும் (விளையாட்டு, சமையல் போன்ற பொருள் வகைகள்) சேர்த்தால் இரண்டும் பொருந்துகிற இடத்தில் மட்டும் காட்டும் என்று தோன்றும், ஆனால் இப்போது ஏதாவது ஒன்று பொருந்தினாலே காட்டிவிடும். சுருக்க நினைத்து விரித்துவிடுவீர்கள். தளங்களை மட்டும் தனி விளம்பரக் குழுவில் (கேம்பெயினுக்குள் இருக்கும் ஒரு பிரிவு) வையுங்கள், வேறு எதையும் அதில் கலக்க வேண்டாம்.

சொற்களை வைத்துத் தடுப்பதில் எனக்கு உண்மையிலேயே வருத்தம் உண்டு. 2020இல் பல நிறுவனங்கள் 'கொரோனா' என்ற சொல்லையே தடைப்பட்டியலில் போட்டன, மக்கள் அதிகமாகப் படித்த நேரத்தில், பொறுப்பாக எழுதிய செய்தித் தளங்களுக்கு வருமானம் போனது. ஒரு சொல் நல்ல செய்தியிலும் வரும், கெட்ட பக்கத்திலும் வரும், பட்டியலுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. தளத்தைப் பார்த்துத் தடுங்கள், சொல்லைப் பார்த்து வேண்டாம்.

காசுக்கு விற்கிற ரெடிமேட் தடைப்பட்டியல்களையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு விற்பனையாளரிடமிருந்து வாங்கிப் பார்த்ததில் பாதிக்கு மேல் எப்போதோ மூடிப்போன டொமைன்கள், நடுவில் நல்ல பத்திரிகைத் தளங்களும் இருந்தன. சொந்த அறிக்கையை அவ்வப்போது திறந்து, செலவு அதிகமாகவும் பலன் இல்லாமலும் இருக்கிற இடங்களை வடிகட்டி நீங்களே கட்டுகிற பட்டியல் சின்னதாக இருந்தாலும் உங்களுக்குப் பொருந்தும். அனுமதிப்பட்டியலையும் அப்படியே விட்டுவிடாதீர்கள், புதுப்பிக்காமல் விட்ட டொமைனை வேறு ஆள் வாங்கி, பழைய பெயரிலேயே விளம்பரக் குப்பையாக மாற்றுவது சகஜமாக நடக்கிறது.