அண்மைக்கால இயற்கைத் தேர்வைப் பிடிக்க எது உதவும்: எஃப்.எஸ்.டி.யா, ஹாப்ளோடைப்பா, பழைய மாதிரியா?

தாஸ்மேனியத் தீவின் வடகிழக்கில் 1996-இல், முகமெல்லாம் கட்டியோடு ஒரு டெவில் (பையுடைய ஊனுண்ணி விலங்கு) கண்ணில் பட்டது. கடித்தால் தொற்றும் புற்றுநோய் அது. அடுத்த இருபது ஆண்டுகளில் தீவின் டெவில் எண்ணிக்கை ஏறக்குறைய 80 சதவீதம் சரிந்தது. 2016-இல் வெளியான ஆய்வு ஒன்று, மூன்று இடங்களில் நோய் வருமுன்னும் வந்தபின்னும் எடுத்த 294 டெவில்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டது. நான்கிலிருந்து ஆறு தலைமுறைக்குள் அல்லீல் (ஒரே மரபிடத்தின் மாற்று வடிவம்) வீதம் குறிப்பிடத்தக்க அளவில் மாறிய இரண்டு சிறு பகுதிகள் சிக்கின. அவற்றிலுள்ள ஏழு மரபணுக்களில் ஐந்துக்கு நோய் எதிர்ப்புடனோ புற்றுநோயுடனோ தொடர்பு உண்டு.

நோய் வருமுன் யாரோ எடுத்துப் பத்திரப்படுத்திய திசு இல்லாவிட்டால் இந்த ஒப்பீடே நடந்திருக்காது. எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. இன்று பிடிபடும் விலங்குகளை மட்டும் வைத்துத் தேடுபவருக்கு மூன்று வழிகள்: இரு கூட்டங்களின் அல்லீல் வீத வேறுபாடு (எஃப்.எஸ்.டி.), ஹாப்ளோடைப்பின் (ஒரே குரோமோசோமில் சேர்ந்தே கடத்தப்படும் அல்லீல் வரிசையின்) நீளம், அரிய அல்லீல்களின் எண்ணிக்கை. பழைய மாதிரி கிடைத்தால் நான்காவதாக முன்-பின் ஒப்பீடு. நான்கும் ஒரே கேள்விக்கு விடை தேடுவதுபோல் தெரியும். தேடும் தடத்தின் வயது மட்டும் ஒவ்வொன்றுக்கும் வேறு.

முதலில் தடம் எப்படி விழுகிறது என்று பார்ப்போம். பயனுள்ள அல்லீல் ஒன்று வேகமாகப் பரவும்போது, அது உட்கார்ந்திருக்கும் குரோமோசோம் துண்டும் கூடவே பரவுகிறது. இதற்குப் பெயர் ‘ஸ்வீப்’. அதைத் தமிழில் ‘பெருக்கு’ என்று சொன்னால் இரண்டு பொருளும் வந்துவிடுகிறது: அல்லீல் பெருகுகிறது, அக்கம்பக்கத்துப் பன்மயத்தைப் பெருக்கித் தள்ளுகிறது. தேர்வின் வலு 5 சதவீதம், மறுசேர்க்கை (குரோமோசோம் ஜோடி துண்டுகளை மாற்றிக்கொள்வது) ஒரு மெகாபேசுக்கு ஒரு சென்டிமார்கன் (தலைமுறைக்கு ஏறக்குறைய 1 சதவீத வாய்ப்பு) என்றால், இருபுறமும் ஏறக்குறைய ஒன்றிரண்டு லட்சம் பேஸ் (டி.என்.ஏ. எழுத்து) வரை பன்மயத்தில் பள்ளம் விழும். வலு பத்தில் ஒன்றானால் பள்ளத்தின் அகலமும் பத்தில் ஒன்று. மறுசேர்க்கை பத்தில் ஒன்றாக இருக்கும் இடத்தில் அகலம் பத்து மடங்கு. மரபணுத்தொகையைப் பகுதி பகுதியாக அளக்கும் சாளரம் 20 கிலோபேஸா 200 கிலோபேஸா என்பதை இந்தக் கணக்கைப் போட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். வேறொரு விலங்கின் கட்டுரையிலிருந்து எண்ணை அப்படியே எடுத்துப் போடுவதுதான் பரவலாக நடக்கிறது.

எஃப்.எஸ்.டி.: மலிவு, முரடு

இரு கூட்டங்களுக்கிடையே எந்த இடத்தில் அல்லீல் வீதம் அளவுக்கு மீறி விலகியிருக்கிறது என்பதே எஃப்.எஸ்.டி. சொல்வது. தாய்வழி, தந்தைவழி ஹாப்ளோடைப்களைப் பிரிக்க வேண்டாம், மூதாதை அல்லீல் தெரிய வேண்டாம். கூட்டத்துக்கு 15–20 விலங்குகள் இருந்தாலே ஓட்டலாம். ஏற்கெனவே இருந்த அல்லீல் பல ஹாப்ளோடைப்களோடு சேர்ந்து உயர்ந்தாலும் வீத வேறுபாடு தெரிந்துவிடும். ஸ்டிக்கில்பேக் மீனின் கவசத் தட்டைக் குறைக்கும் ஈ.டி.ஏ. அல்லீல் இதற்கு நல்ல உதாரணம். கடல் மீன்களில் அரிதாக ஒளிந்திருந்த அந்தப் பழைய அல்லீல், நன்னீருக்குள் புகுந்த கூட்டங்களில் மீண்டும் மீண்டும் மேலே வந்தது.

கணக்கிடும்போது ஹட்சன் மதிப்பீட்டை எடுப்பது நல்லது. இரு கூட்டத்தின் மாதிரி எண்ணிக்கை சமமாக இல்லாவிட்டாலும் அது அதிகம் ஆட்டம் காணாது. ஒவ்வொரு எஸ்.என்.பி.க்கும் (ஓரெழுத்து வேறுபாட்டுக்கும்) விகிதம் கண்டு சராசரி எடுக்கக் கூடாது. சாளரத்துக்குள் மேல் எண்களையும் கீழ் எண்களையும் தனித்தனியே கூட்டி, கடைசியில் ஒரே முறை வகுக்க வேண்டும். இல்லாவிட்டால் அரிய அல்லீல்கள் மதிப்பைக் கீழே இழுக்கும். பத்து எஸ்.என்.பி.கூட இல்லாத சாளரங்களைத் தூக்கிவிடலாம். அண்ணன் தம்பிகளையும் தாய் குட்டிகளையும் முதலிலேயே கழித்துவிட வேண்டும். கிங் நிரலில் உறவுக் கெழு 0.0884-ஐத் தாண்டினால் இரண்டாம் நிலை உறவோ அதைவிட நெருக்கமோ என்று பொருள். அந்த ஜோடியில் ஒன்றை நீக்குங்கள்.

எங்கே தவறும்? மறுசேர்க்கை குறைந்த பகுதிகளில் தீங்கான திடீர்மாற்றங்கள் கழிக்கப்படும்போதே பன்மயம் குறைந்துபோகும். எஃப்.எஸ்.டி. ஒரு விகிதம் என்பதால், கூட்டத்துக்குள் பன்மயம் குறைந்தாலே அது தானாக ஏறும். ஆகவே சிகரம் தென்பட்டதும் இரு கூட்டத்தின் பன்மயத்தையும் தனித்தனியே வரையுங்கள். இரண்டிலும் பள்ளம் என்றால் சந்தேகப்படுங்கள். ஒன்றில் மட்டும் பள்ளம் என்றால் மேலே போகலாம். எந்தக் கூட்டத்தில் மாற்றம் நடந்தது என்பதை எஃப்.எஸ்.டி. சொல்லாது. மூன்றாவதாகத் தூரத்து உறவுக் கூட்டம் ஒன்றைச் சேர்த்து பி.பி.எஸ். கணக்கிட்டால் அதுவும் தெரியும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஒன்றிலிருந்து எஃப்.எஸ்.டி.யைக் கழித்து, அதன் இயல் மடக்கையின் குறியை மாற்றினால் ஒரு தூரம் வரும். நம் கூட்டத்தைத் தொடும் இரு தூரங்களைக் கூட்டி, மற்ற இரண்டுக்கும் இடையிலான தூரத்தைக் கழித்து, பாதியாக்க வேண்டும். அவ்வளவுதான். மூன்றாம் கூட்டத்துக்குச் செலவழிக்கும் பணம் வீண் போகாது.

எக்ஸ் குரோமோசோமை மட்டும் தனியே தரப்படுத்துங்கள். மொசாம்பிக்கின் கோரோங்கோசாவில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தந்தத்துக்காக யானைகள் கொல்லப்பட்டன. தந்தமில்லாப் பெண் யானைகளின் பங்கு 18.5-லிருந்து 50.9 சதவீதமாக உயர்ந்தது. 2021-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வு சுட்டியவற்றில் முக்கியமானது எக்ஸ் குரோமோசோமிலுள்ள, பல் உருவாக்கத்தில் பங்குள்ள ஏ.எம்.இ.எல்.எக்ஸ். மரபணு. ஆணிடம் எக்ஸ் ஒன்றுதான் என்பதால், அந்தக் குரோமோசோமின் பயனுறு எண்ணிக்கை (அடுத்த தலைமுறைக்கு மரபைக் கடத்தும் பிரதிகளின் கணக்கு) மற்றவற்றில் முக்கால் பங்கு. தேர்வே இல்லாவிட்டாலும் எஃப்.எஸ்.டி. சற்று உயரத்தில்தான் நிற்கும். எல்லாக் குரோமோசோமையும் ஒன்றாகப் போட்டு மேல் 1 சதவீதத்தை வெட்டினால், பட்டியலில் பாதி எக்ஸ் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

ஹாப்ளோடைப் முறைகள்: கூர்மை அதிகம், கிராக்கியும் அதிகம்

புதிதாக உயர்ந்த அல்லீலைச் சுற்றியுள்ள துண்டை வெட்டி மாற்ற மறுசேர்க்கைக்கு நேரம் கிடைத்திருக்காது. அதனால் வீதம் அதிகமாக இருந்தும் துண்டு நீளமாக இருக்கும். 2006-இல் வந்த ஐ.எச்.எஸ். ஒரே கூட்டத்துக்குள் இதைத் தேடுகிறது. எஸ்.என்.பி.யிலிருந்து இருபுறமும் நகர்ந்து, ஹாப்ளோடைப்களின் ஒற்றுமை 0.05-க்குக் கீழே விழும்வரை பரப்பைக் கூட்டி, மூதாதை அல்லீலுக்கும் புது அல்லீலுக்கும் உள்ள விகிதத்தின் மடக்கையை எடுக்கிறது. பிறகு ஒத்த வீதமுள்ள எஸ்.என்.பி.களோடு சேர்த்துத் தரப்படுத்துகிறது. தனி எஸ்.என்.பி.யை நம்பாமல், 100 கிலோபேஸ் சாளரத்தில் எத்தனை பங்கு 2-ஐத் தாண்டுகிறது என்று பார்ப்பதே வழக்கம்.

பாதி வழியில் இருக்கும் ஸ்வீப்புக்கு ஐ.எச்.எஸ்.; அல்லீல் நிலைத்துவிட்டால் ஒப்பிட மற்ற அல்லீல் இருக்காது, அது குருடாகிவிடும். அங்கே இரு கூட்டத்தின் துண்டு நீளத்தை ஒப்பிடும் எக்ஸ்.பி.-ஈ.எச்.எச். வேண்டும். இரண்டையும் போட்டியாளர்கள் என்று பார்ப்பதே தப்பு. ஒன்று நிற்கும் இடத்தில் மற்றது தொடங்குகிறது.

சின்னக் குழி ஒன்று பலரையும் விழவைக்கும். ஐ.எச்.எஸ். விகிதத்தில், செல்ஸ்கேன் நிரலில் புது அல்லீல் மேலே, மூதாதை அல்லீல் கீழே. ஆர் மொழியின் ரெஹ் தொகுப்பில் நேர்மாறு. அதே தரவில் ஒன்று கூட்டல் குறியும் மற்றது கழித்தல் குறியும் காட்டும். மூதாதை அல்லீலை அறிய ஒப்பிடும் வெளிக்குழு இனம் தொலைவாக இருந்து மூதாதை அல்லீல் சரியாகத் தெரியாவிட்டால், குறியை விட்டுவிட்டு அளவை மட்டும் பாருங்கள்.

ஹாப்ளோடைப் பிரிப்புதான் பெரிய தலைவலி. முன்பே பிரித்த ஹாப்ளோடைப்களின் மேற்கோள் தொகுப்பு இல்லாத காட்டு விலங்கில், இருபது மாதிரியை வைத்துக் கணினி பிரிக்கும் ஹாப்ளோடைப்பில் இடமாற்றுப் பிழை (தாய்வழித் துண்டு தந்தைவழித் துண்டோடு மாறி ஒட்டுவது) தாராளமாக வரும். ஒவ்வொரு பிழையும் நீளமான துண்டை நடுவில் வெட்டிவிடும், உண்மையான தடம் மங்கும். மரபணுத்தொகைத் தொகுப்பு சிறு துண்டுகளாக இருந்தாலும் இதே கதிதான். துண்டின் ஓரத்தில் கணக்கு நின்றுவிடும். செல்ஸ்கேனின் இரண்டாம் பதிப்பு பிரிக்காத தரவையும் ஏற்கிறது. மாதிரி குறைவென்றால் அதையே ஓட்டலாம். மரபணுத்தொகையில் ஆங்காங்கே சில இடங்களை மட்டும் படிக்கும் ரேட் வரிசைத் தரவில் குறியீடுகள் மிகத் தள்ளித் தள்ளி இருப்பதால், வலுவான ஸ்வீப்பைத் தவிர மற்றதெல்லாம் இடைவெளியில் விழுந்துவிடும்.

பூச்சிக்கொல்லி எதிர்ப்பு போன்ற இடங்களில் இன்னொரு சிக்கல்: ஒரே பயனுள்ள மாற்றம் பல ஹாப்ளோடைப்களில் தனித்தனியே தோன்றியிருக்கும். ஆப்பிரிக்காவின் எட்டு நாடுகளிலிருந்து 765 அனாஃபிலிஸ் கொசுக்களைப் படித்த 2017 ஆய்வில், சோடியம் வழி மரபணுவின் 995-ஆம் இடத்து எதிர்ப்பு மாற்றங்கள் பத்து ஹாப்ளோடைப் குழுக்களில் கிடந்தன. இங்கே எச்12 கை கொடுக்கும். மிகப் பொதுவான இரு ஹாப்ளோடைப்களின் வீதத்தைக் கூட்டி ஒன்றாகப் பாவித்து வர்க்கப்படுத்துவதால், வெற்றியாளர் இருவர் இருந்தாலும் தெரியும். ஆனால் கொசுவின் 2எல்.ஏ. போன்ற பெரிய தலைகீழ்த் துண்டுகளுக்குள் மறுசேர்க்கை தடைபடுவதால், நீளமான மேடு ஒன்று எழுந்து நிற்கும். அதைக் கண்டு மகிழ்ந்துவிட வேண்டாம்.

அரிய அல்லீல் எண்ணும் முறைகள்

அரிய அல்லீல்களும் பொதுவான அல்லீல்களும் எந்த அளவில் உள்ளன என்று பார்ப்பவை 1989-இன் தஜிமா டி, அதன்பின் வந்த ஸ்வீப்ஃபைண்டர் வகையறா. கொஞ்சம் பழைய, நிலைத்துவிட்ட ஸ்வீப்பைத் தேட இவை பொருத்தம். பத்து இருபது தலைமுறைத் தேர்வுக்கு இவற்றை நம்ப வேண்டாம். கூட்டம் பெருகினாலே டி எதிர்மறையாகும், ஒருமுறை நசுங்கினால் நேர்மறையாகும். இரண்டும் தேர்வு இல்லாமலேயே நடக்கும். எஸ்.என்.பி. சிப் தரவில் ஓட்டவே கூடாது. சிப்பில் பொதுவான அல்லீல்களைத்தான் பொறுக்கிப் போட்டிருப்பார்கள்.

அடிக்கடி காணும் பிழை ஒன்று உண்டு. எஃப்.எஸ்.டி.க்காக 0.05-க்குக் குறைந்த அல்லீல்களை வடிகட்டிய வி.சி.எஃப். (மரபு வேறுபாட்டுப் பட்டியல்) கோப்பையே எடுத்து தஜிமா டி ஓட்டுவது. அரிய அல்லீல்களை எறிந்துவிட்டு அரிய அல்லீல் எண்ணினால் மரபணுத்தொகை முழுக்க நேர்மறை எண்தான் வரும். அதை வைத்து ‘சமநிலைத் தேர்வு’ (பல அல்லீல்களையும் தக்கவைக்கும் தேர்வு) என்று எழுதியவர்களும் உண்டு.

முன்-பின் ஒப்பீடு: வாய்த்தால் இதுவே முதல்

மற்ற மூன்றும் நடந்ததை ஊகிக்கின்றன, இது மாற்றத்தை நேரில் அளக்கிறது. ஆனால் எண்களை ஒருமுறை போட்டுப் பார்க்காமல் இறங்கக் கூடாது. பயனுறு எண்ணிக்கை 100, ஐந்து தலைமுறை இடைவெளி, தொடக்க வீதம் 0.5, முன்னும் பின்னும் 20 விலங்குகள் என்று வைத்துக்கொள்வோம். தற்செயல் நகர்வு தரும் மாறுபாடு 0.006. மாதிரிப் பிழை இரு முறைக்கும் சேர்த்து 0.0125. மொத்தத்தின் திட்ட விலக்கம் ஏறக்குறைய 0.14. ஆக 0.27 வரையிலான மாற்றம் வெறும் தற்செயலாகவே இருக்கலாம். பிரதி ஒன்றுக்கு 10 சதவீதம் பயன் தரும் அல்லீல்கூட அந்த ஐந்து தலைமுறையில் 0.12 அளவுக்குத்தான் நகரும். அதாவது வலுவான தேர்வே இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும்.

மாதிரியை 100 விலங்காக உயர்த்தினால் திட்ட விலக்கம் 0.09-க்கு இறங்கும். அதற்குக் கீழே பெரிதாகப் போகாது, தற்செயல் நகர்வு தடுக்கும். இதை உடைக்கும் ஒரே வழி, ஒரே தேர்வு அழுத்தம் பட்ட வேறு கூட்டங்களையும் சேர்ப்பது. மூன்று கூட்டத்தின் சராசரியில் விலக்கம் 0.054 ஆகும், அதே 0.12 இப்போது மேலே தலைகாட்டும். இன்னொரு விதமாகப் பார்த்தாலும் சரி: ஒரு லட்சம் எஸ்.என்.பி.யில் இரு திட்ட விலக்கத்தைத் தற்செயலாகத் தாண்டுபவை ஒரு கூட்டத்தில் சுமார் 5,000. மூன்று தனிக் கூட்டங்களிலும் ஒரே திசையில் தாண்டுபவை சுமார் 3.

மிக்சோமா வைரசுக்கு எதிரான முயல் ஆய்வு இந்தப் பாதையில் போனது. ஆஸ்திரேலியாவுக்குள் 1950-இலும் பிரான்சுக்குள் 1952-இலும் பிரிட்டனுக்குள் 1953-இலும் அந்த வைரஸ் நுழைந்தது. அருங்காட்சியக முயல்களையும் இன்றைய முயல்களையும் சேர்த்து ஏறக்குறைய 200 எக்ஸோம்களை (புரதத்துக்கான டி.என்.ஏ. பகுதிகளை) ஒப்பிட்ட 2019 ஆய்வு, மூன்று நாட்டிலும் ஒரே அல்லீல்கள் உயர்ந்ததைக் காட்டியது. அவை முன்பே முயல்களிடம் இருந்தவை. பல மரபணுக்களில் பரவலாகச் சிறுசிறு நகர்வு. இன்றைய மாதிரியை மட்டும் வைத்து நீளத் துண்டு தேடியிருந்தால் இதில் பெரும்பகுதி நழுவியிருக்கும்.

அருங்காட்சியகத் தோலில் பொறி ஒன்று காத்திருக்கிறது. பழைய டி.என்.ஏ.வில் சைட்டோசின் சிதைந்து தைமினாகப் படிக்கப்படும். பழைய குழுவில் மட்டும் இது நடப்பதால், அல்லீல் வீதம் ‘மாறியதாக’த் தோன்றும். துணுக்குகளின் இரு முனையையும் வெட்டுங்கள். பிறகு சி-டி, ஜி-ஏ எஸ்.என்.பி.களை நீக்கிவிட்டு மீண்டும் ஓட்டுங்கள். சிகரம் மறைந்தால் அது தேர்வே அல்ல. பழையதை நான்கு வண்ண வரிசைப்படுத்தும் கருவியிலும் புதியதை இரு வண்ணக் கருவியிலும் படித்தாலும் இதே வம்புதான். இரு வண்ணக் கருவி ஒளி இல்லாத இடத்தை ஜி என்று எழுதும்.

மேலே போட்ட கணக்குக்குப் போதுமான பழைய மாதிரி கிடைத்து, பாதிக்கப்பட்ட கூட்டங்களும் இரண்டு மூன்று இருந்தால், மாதிரிகளைக் கூட்டங்களுக்கிடையே பங்கிட்டு முன்-பின் ஒப்பீட்டில் பணத்தைப் போடுங்கள். இல்லையென்றால் மூன்று கூட்டத்தோடு பி.பி.எஸ். முதலில். குரோமோசோம் அளவில் மரபணுத்தொகையும் கூட்டத்துக்கு முப்பதுக்கு மேல் விலங்கும் இருந்தால் எக்ஸ்.பி.-ஈ.எச்.எச். அடுத்து. தஜிமா டி.யைக் கடைசியாக, சரிபார்ப்புக்கு மட்டும். பட்டியல் வந்ததும் கூட்டத்தின் பழைய எண்ணிக்கை ஏற்ற இறக்கத்தை வைத்துத் தேர்வே இல்லாத பாவனைத் தரவை உருவாக்கி, அதே நிரலை அதில் ஓட்டுங்கள். மேல் 1 சதவீதம் என்பது எப்போதும் எதையாவது தரும், வெறும் பாவனையிலும் தரும்.

களத்தில் இப்போது எடுக்கும் காதுத் துண்டில் பாதியை 95 சதவீத எத்தனாலில் போட்டு, தேதி, இடம், பால் எழுதி உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த நோய் வரும்போது ‘முன்’ மாதிரி அதுதான்.