ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட்: சப்போர்ட்டில் இருந்து இரண்டு வருடம் பார்த்தது

ஜிரா சர்வீஸ் மேனேஜ்மென்ட் என்பது பயனர்களின் புகார்களை டிக்கெட்டாகப் பதிந்து கையாள அட்லாசியன் நிறுவனம் தரும் மென்பொருள். தினமும் காலையில் முதலில் திறப்பதும் ராத்திரி கடைசியில் மூடுவதும் இதைத்தான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன். எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. எதற்காகப் பிடித்தது என்பதைச் சொல்ல எங்கள் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

நாங்கள் பார்ப்பது ஒரு சம்பளப் பட்டுவாடா அப்ளிகேஷன். டெவலப்பர்கள் ஒன்பது பேர், இரண்டு வாரத்துக்கு ஒரு ஸ்பிரின்ட், அதாவது திட்டமிட்ட ஒரு சுற்று வேலை. சப்போர்ட்டில் ஐந்து பேர், ஐடிஐஎல் என்ற ஐடி சேவை நிர்வாக முறையில் இன்சிடென்ட் (நேர்கிற ஒவ்வொரு கோளாறும்), ப்ராப்ளம் (அதற்கு அடியில் உள்ள காரணம்), சேஞ்ச் (சிஸ்டத்தில் செய்யும் மாற்றம்) என்று பிரித்து வேலை. முன்பு இரண்டு டீமுக்கும் தனித்தனி டூல். மாதக் கடைசி வந்தால் சம்பளச் சீட்டு டவுன்லோடு ஆகாமல் சுற்றிக்கொண்டே இருக்கும். டிக்கெட் வரும், சர்வரை ரீஸ்டார்ட் செய்வோம், சரியாகிவிடும், டிக்கெட்டை மூடிவிடுவோம். இத்தனை நேரத்துக்குள் தீர்ப்போம் என்ற வாக்குறுதியை அளக்கும் எஸ்எல்ஏ ரிப்போர்ட் முழுக்கப் பச்சை. டெவலப்பர்களில் பாதிப் பேருக்கு இப்படி ஒன்று நடப்பதே தெரியாது.

டெவலப்பர்கள் ஏற்கெனவே தங்கள் வேலைகளைப் பதியும் ஜிராவில் இருந்ததால் நாங்களும் அதோடு சேர்ந்த இந்த சர்வீஸ் மேனேஜ்மென்ட்டுக்கே வந்தோம். வந்த பிறகு அந்தச் சம்பளச் சீட்டு இன்சிடென்ட்டுகள் பதினொன்றையும் ஒரே ப்ராப்ளம் டிக்கெட்டோடு இணைத்து, அதிலிருந்தே டெவலப்பர்களின் பேக்லாகில் (செய்ய வேண்டிய வேலைப் பட்டியலில்) ஒரு பக் (பிழை) டிக்கெட் போட்டேன். ஸ்பிரின்ட் ப்ளானிங்கில் எதை முதலில் செய்வது என்று முடிவு செய்யும் ப்ராடக்ட் ஓனர் அந்த பக்கைத் திறந்து, இணைத்திருந்த ப்ராப்ளம் டிக்கெட்டைத் தட்டினார். பதினொன்றும் வரிசையாக நின்றன. யாரும் எதுவும் பேசவில்லை, அந்த ஸ்பிரின்ட்டிலேயே எடுத்துக்கொண்டார்கள். பார்த்தால் டேட்டாபேஸில் ஒரு டேபிளுக்குத் தேடலை வேகமாக்கும் இன்டெக்ஸ் இல்லை, எல்லாரும் ஒரே நேரத்தில் கேட்கும்போது ஒவ்வொரு தடவையும் மொத்த டேபிளையும் படித்துக்கொண்டிருந்திருக்கிறது. அரை நாள் வேலை. இதற்காகத்தான் ஒரு வருடம் ராத்திரி எழுந்து ரீஸ்டார்ட் செய்துகொண்டிருந்தோம்.

அப்புறம் லைசென்ஸ் விஷயம். வாடிக்கையாளருக்குப் பதில் சொல்பவருக்குத்தான் ஏஜென்ட் லைசென்ஸ் வேண்டும். ஜிரா கணக்கு உள்ள டெவலப்பர், டிக்கெட்டைப் பார்த்து வாடிக்கையாளருக்குத் தெரியாத உள்குறிப்பு எழுத அது தேவையில்லை. செலவு குறைகிறது, அதைவிட முக்கியம், டெவலப்பர் பயனர் எழுதியதை அவர் வார்த்தையிலேயே படிக்கிறார். ஏஜென்ட்டாக இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: உள்குறிப்பு என்றால் பின்னணி மஞ்சளாக இருக்கும், மஞ்சள் இல்லையென்றால் நீங்கள் எழுதுவது நேராக வாடிக்கையாளருக்குப் போகிறது. புதிதாகச் சேருபவர்களுக்கு முதல் நாளே இதைக் காட்டிவிடுங்கள்.

சேஞ்ச் பகுதிதான் எனக்கு மனதுக்கு நெருக்கமானது. முன்பு வியாழக்கிழமை தோறும், மாற்றங்களுக்கு ஒப்புதல் தரும் குழுவின் கேப் மீட்டிங், புதன்கிழமைக்குள் படிவம் போகாவிட்டால் அடுத்த வியாழன். டெஸ்ட் முடிந்த கோட் எட்டு நாள் சும்மா கிடக்கும். இதற்கு எல்லாரும் ஐடிஐஎல்லைத் திட்டுவார்கள், அது நியாயமில்லை. முன்கூட்டியே அனுமதி பெற்ற ஸ்டாண்டர்ட் சேஞ்ச் என்பது ஐடிஐஎல்லில் வெகு காலமாகவே இருக்கிறது, 2019-இல் வந்த நான்காம் பதிப்பு எல்லாவற்றையும் ஒரே குழுவிடம் கொண்டுபோகச் சொல்லவும் இல்லை. அதே 2019-இல் வந்த, மென்பொருள் வெளியீட்டு முறைகளை ஆராயும் டோரா குழுவின் ஆய்வறிக்கையும், வெளிக்குழு ஒப்புதல் வைத்தால் தோல்வியடையும் சேஞ்சுகள் குறைகின்றன என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றே சொன்னது. இப்போது கோடை டெஸ்ட் செய்து சர்வருக்கு அனுப்பும் எங்கள் பைப்லைனில் இருந்தே சேஞ்ச் டிக்கெட் தானாக உருவாகிறது, ரிஸ்க் குறைவு என்றால் ஆட்டோமேஷன் விதி ஒப்புதல் கொடுத்துவிடுகிறது, டேட்டாபேஸைத் தொடுவது மட்டும் ஆளிடம் போகிறது. வியாழக்கிழமை மீட்டிங் இன்னும் இருக்கிறது, இரண்டோ மூன்றோ சேஞ்ச்தான் வரும், அவற்றை உண்மையாகவே படிக்கிறோம்.

இதெல்லாம் வாங்கிப் போட்டதும் நடந்துவிடாது. பக் ‘முடிந்தது’ ஆனதும் ப்ராப்ளம் டிக்கெட்டையும் மூடும்படி முதலில் விதி எழுதினோம், அது தவறு. டெவலப்பருக்கு முடிந்தது என்றால் கோட் முடிந்தது, பயனருக்கு அது அவர் பயன்படுத்தும் ப்ரொடக்‌ஷனுக்கு வந்தால்தான் முடிந்தது. விதியை ரிலீஸோடு கட்டிய பிறகுதான் “சரியாகிவிட்டது என்றீர்களே” என்ற போன்கள் நின்றன. எஸ்எல்ஏ கடிகாரமும் அப்படித்தான். ‘வாடிக்கையாளர் பதிலுக்காக’ நிலையில் அது நிற்கும்படி அமைக்கலாம், அமைத்தோம், உடனே தேவையில்லாத கேள்வியைக் கேட்டு கடிகாரத்தை நிறுத்தும் பழக்கம் வந்துவிட்டது. மாதம் ஒரு முறை அந்த நிலையில் கிடந்த டிக்கெட்டுகளைத் திறந்து படிப்பதுதான் வழி.

திடீர் வேலைக்கு ஸ்பிரின்ட்டில் இடம் விடுவதையும் எந்த மென்பொருளும் செய்து தராது. நாங்கள் சப்போர்ட்டை ஸ்பிரின்ட்டுக்குள் திணிக்காமல் வேலை வர வர எடுக்கும் கான்பான் போர்டில் வைத்திருக்கிறோம், ஸ்பிரின்ட்டுக்கு ஒரு டெவலப்பர் முறை வைத்து எங்களோடு உட்காருவார், அவருக்கு வேறு ஸ்டோரி (ஸ்பிரின்ட் வேலை) கிடையாது. முதலில் மேனேஜருக்கு மனசே வரவில்லை, இப்போது அவரே முறைப் பட்டியல் போடுகிறார்.

வாங்குமுன் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று. 2013-இல் ஜிரா சர்வீஸ் டெஸ்க்காக வந்தது, 2020-இல் இந்தப் பெயருக்கு மாறியது. அலுவலக நேரத்துக்கு வெளியிலும் அழைப்பு எடுக்கும் ஆன்-கால் வேலைக்காக அட்லாசியன் 2018-இல் வாங்கிய ஆப்ஸ்ஜீனி என்ற டூலின் வசதிகள் இப்போது இதற்குள்ளேயே வருகின்றன, தனி ஆப்ஸ்ஜீனி 2027 ஏப்ரலோடு முடிகிறது. அதை வைத்திருப்பவர்கள் இப்போதே மாற்றத்தைத் திட்டமிடுங்கள்.

உங்கள் டெவலப்பர்கள் ஜிராவில் இல்லையென்றால் நான் இதைச் சொல்ல மாட்டேன். நம்ம ஊரிலிருந்தே வந்த ஃப்ரெஷ்சர்வீஸ், சர்வீஸ்டெஸ்க் ப்ளஸ் இரண்டையும் முதலில் பாருங்கள். ஜிராவில் இருக்கிறார்கள் என்றால், மூன்று ஏஜென்ட் வரை இலவசம். திரும்பத் திரும்ப வருகிற ஒரு பிரச்சினையை எடுத்து, அதன் டிக்கெட்டுகளை எல்லாம் ஒரு ப்ராப்ளத்தோடு இணைத்து அடுத்த ஸ்பிரின்ட் ப்ளானிங்கில் திறந்து காட்டுங்கள்.