இயற்கை நகப்பூச்சும் மென்மையான நீக்கியும்: நீண்டகாலப் பயன்பாட்டில் அறிந்தவை

கைவிரல் நகம் மாதத்துக்கு ஏறத்தாழ 3 மில்லிமீட்டர் மட்டுமே வளர்கிறது. அடியில் புதிதாக முளைக்கும் பகுதி நுனியை எட்ட 6 மாதம் வரை ஆகும் என்பதால், ஒரு பூச்சோ நீக்கியோ நகத்துக்கு நல்லதா கெட்டதா என்று சில வாரங்களில் சொல்லிவிட முடியாது. வழக்கமான நெயில் பாலிஷையும் அசிட்டோனையும் விட்டுவிட்டு, ‘இயற்கை’ என்ற பெயரில் விற்கப்படும் பூச்சுகளுக்கும் மென்மையான ரிமூவர்களுக்கும் நான் மாறிய பிறகு, நகங்கள் ஒரு தடவைக்கு மேல் அடியிலிருந்து நுனிவரை புதிதாக வளர்ந்துவிட்டன. நுனி ஏடு ஏடாகப் பிரிவது நின்றிருக்கிறது. அழித்த மறுநாள் நகத்தைச் சுற்றியுள்ள தோல் வெளிறி வெடிப்பதும் இல்லை. இந்த மாற்றத்தில் பூச்சின் பங்கு குறைவு, அழிக்கும் முறையின் பங்கே மிகுதி என்பதுதான் என் அனுபவம்.

முதலில் பூச்சைப் பற்றிச் சொல்கிறேன். குப்பியின் மீது ‘3-ஃப்ரீ’, ‘5-ஃப்ரீ’, ‘10-ஃப்ரீ’ என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். டொலுயீன், ஃபார்மால்டிஹைடு, டைபியூட்டைல் தாலேட் ஆகிய மூன்றும் இல்லை என்பதே 3-ஃப்ரீ. அதற்கு மேலுள்ள எண்களில் ஃபார்மால்டிஹைடு பிசின், கற்பூரம், சைலீன், டிரைஃபீனைல் பாஸ்பேட் போன்றவை சேர்ந்துகொண்டே போகின்றன. ஆனால் இந்த எண்களுக்குச் சட்டப்படியான வரையறை ஏதும் கிடையாது. ஒரு நிறுவனத்தின் 10-ஃப்ரீ பட்டியலும் இன்னொரு நிறுவனத்தின் 10-ஃப்ரீ பட்டியலும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. டைபியூட்டைல் தாலேட்டை நீக்கிய சில தயாரிப்பாளர்கள் அந்த இடத்தில் டிரைஃபீனைல் பாஸ்பேட்டைச் சேர்த்தார்கள். 2015-இல் வெளியான டியூக் பல்கலைக்கழக ஆய்வில், அந்தப் பொருள் கலந்த பூச்சைப் பூசிக்கொண்ட பெண்களின் சிறுநீரில், 10 முதல் 14 மணி நேரத்துக்குப் பிறகு அதன் சிதைபொருள் ஏறத்தாழ 7 மடங்கு உயர்ந்திருந்தது. கையுறை மாட்டி, அதன் மேல் ஒட்டிய செயற்கை நகங்களில் பூசியபோது அந்த அளவுக்கு உயரவில்லை. ஆகவே அது மூச்சு வழியாக அல்லாமல் பெரும்பாலும் நகத்தையும் தோலையும் தொட்ட வழியாகவே உடலுக்குள் சென்றிருக்கிறது. இதனால்தான் நான் முகப்பில் உள்ள எண்ணைப் பார்ப்பதில்லை. அட்டையின் பின்புறத்தில் பொடி எழுத்தில் இருக்கும் மூலப்பொருள் பட்டியலைத்தான் படிக்கிறேன்.

‘தாவர மூலம் 80 சதவீதம்’ என்ற வகை வாசகத்தையும் அதன் அளவுக்குள் வைத்துப் புரிந்துகொள்ள வேண்டும். நகத்தின் மேல் கெட்டியான படலமாக நிற்கும் நைட்ரோசெல்லுலோஸ், எந்த மலிவான குப்பியிலும் பருத்தி அல்லது மரக்கூழின் செல்லுலோசிலிருந்தே செய்யப்படுகிறது. தாவர மூலப் பூச்சில் கூடுதலாக மாறுவது கரைப்பான். எத்தில் அசிடேட்டையும் பியூட்டைல் அசிடேட்டையும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்காமல் கரும்பு, சோளம், உருளைக்கிழங்கு ஆகியவற்றை நொதிக்கச் செய்து எடுக்கிறார்கள். புதைபடிவ எண்ணெயின் தேவை அந்த அளவுக்குக் குறைகிறது என்பது உண்மையான நன்மை. அதை நான் மதிக்கிறேன். ஆனால் எங்கிருந்து வந்தாலும் எத்தில் அசிடேட்டின் மூலக்கூறு ஒன்றே. எனவே நெடியும் தீப்பற்றும் தன்மையும் அப்படியேதான் இருக்கின்றன. சன்னலைத் திறந்து வைத்துத்தான் பூச வேண்டியிருக்கிறது. நிறமும் பளபளப்பும் நீடிக்கும் நாட்களும் வழக்கமான பூச்சுக்குச் சற்றும் குறையவில்லை. விலங்குப் பொருள் வேண்டாம் என்பவர்கள் சிவப்பு நிறங்களில் கார்மைன் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கப்படுவது, இயற்கையானதும்கூட.

நீர் அடிப்படையிலான பூச்சு முற்றிலும் வேறு இனம். அக்ரிலிக் அல்லது பாலியூரித்தேன் துகள்கள் நீரில் மிதந்துகொண்டிருக்கும். நீர் ஆவியானதும் அவை ஒன்றோடொன்று இணைந்து படலமாகின்றன. நெடி ஏறக்குறைய இல்லை, கண் எரிவதில்லை. அதற்கு ஈடாக அது கேட்பது பொறுமையை. தொட்டால் ஒட்டாத நிலைக்குச் சில நிமிடங்களில் வந்துவிட்டாலும், உள்ளே இறுக ஒரு முழு நாள் தேவைப்படுகிறது. பூசிய அன்று இரவு போர்வையின் நூலிழை அச்சு நகத்தில் பதிந்து, காலையில் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் கட்டம் கட்டமாகத் தெரியும். சுடுநீரில் பாத்திரம் கழுவினால் ஓரம் தூக்கிக்கொள்ளும். அப்படித் தூக்கிய ஓரத்தை உரித்தெடுக்கக் கை துறுதுறுக்கும். உரித்தால் பூச்சோடு நகத்தின் மேலடுக்கும் சேர்ந்து வரும் என்பதால், அரத்தால் ஓரத்தைச் சமன்செய்துவிட்டு விட்டுவிடுவதே நல்லது. கால் நகங்களுக்கு இது நன்றாக நீடிக்கிறது. கைகளுக்கு இதை நான் இப்போது பயன்படுத்துவதில்லை.

இனி அழிப்பது. அசிட்டோனைப் பற்றி நியாயமாகச் சொல்ல வேண்டும்: அது மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையும் பொருள், நம் உடலே சிறிதளவில் அதை உண்டாக்குகிறது. சுற்றுச்சூழலுக்குப் பெரும் கேடு என்று அதைச் சொல்வது மிகை. நகத்துக்கும் தோலுக்கும் உரிய எண்ணெய்ப் பசையை அது கரைத்து எடுத்துவிடுகிறது என்பதும், நீரின் உறைநிலைக்கு வெகு கீழேயே தீப்பற்றும் ஆவியை வெளிவிடுகிறது என்பதுமே அதன் குறைகள். ‘அசிட்டோன் அற்றது’ என்று விற்கப்படும் ரிமூவர்கள் பலவற்றில் இருப்பது எத்தில் அசிடேட். அதுவும் உலர்த்தும்; வேகம் குறைவு என்பதால் கூடுதல் நேரம் தேய்க்க நேர்கிறது. இந்த மாற்றத்தால் எனக்கு எந்தப் பயனும் கிடைக்கவில்லை.

பயன் கிடைத்தது சோயா எஸ்டர், எத்தில் லாக்டேட், புரொப்பிலீன் கார்பனேட் போன்றவை சேர்ந்த மெதுவான நீக்கிகளில். இவை எளிதில் ஆவியாவதில்லை. அதனால் நெடி மிகக் குறைவு. அதனாலேயே நகத்தின் மேல் தங்கி நின்று வேலை செய்ய இவற்றுக்கு நேரம் கிடைக்கிறது. அசிட்டோனைத் தேய்ப்பது போல இதைத் தேய்த்தால் ஒன்றும் நடக்காது. பாட்டிலைக் குறை சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் பொறுமை இழக்கிறார்கள். நனைத்த துணித் துண்டை நகத்தின் மேல் வைத்து, அழுத்தாமல் இரண்டு மூன்று நிமிடம் விட்டுவிட வேண்டும். எடுத்துப் பார்த்தால் பளபளப்பு மங்கி, பூச்சு கூழ்போலக் குழைந்திருக்கும். அதே துணியால் அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே இழுப்பாக இழுத்தால் பெரும்பகுதி வந்துவிடும். பக்கவாட்டு மடிப்பில் தங்கும் அடர்சிவப்புக் கோட்டுக்கு மட்டும், நீக்கியில் தோய்த்த பஞ்சை ஒரு குச்சியின் முனையில் சுற்றி மெல்ல வருட வேண்டும். பளபளப்புத் துகள் கலந்த பூச்சானால் காத்திருக்கும் நேரம் இரட்டிப்பாகும். அத்துகள்கள் பெரும்பாலும் பாலியஸ்டர் நெகிழி என்பதால் அவற்றை வாங்குவதையே நான் நிறுத்திவிட்டேன்.

ஒரு விஷயத்தை அட்டையில் பெரும்பாலும் எழுதுவதில்லை. இந்த நீக்கிகள் நகத்தில் எண்ணெய்ப் படலத்தை விட்டுச் செல்கின்றன. சோப்பு போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்து உலரவிடாமல் மேலே புதுப்பூச்சைப் பூசினால், மறுநாளே அது செதில் செதிலாகப் பெயரும். ஒரே அமர்வில் அழித்து உடனே பூசுவதைவிட, இரவில் அழித்து, நகத்தை எண்ணெயிட்டு வெறுமையாக விட்டு, பிறகு ஒரு நாள் கழுவிப் பூசுவதே எனக்கு ஒத்துவருகிறது.

வீட்டிலுள்ள பொருள்களையும் பொறுமையாகச் சோதித்தேன். எலுமிச்சைச் சாறு, வினிகர், பற்பசை மூன்றும் பயனற்றவை. நைட்ரோசெல்லுலோஸ் படலம் நீரிலோ மென்மையான அமிலத்திலோ கரையாது. பற்பசை நீக்குவதாகத் தோன்றினால் அது உராய்வால்தான். அந்த உராய்வு நகத்தையும் தேய்க்கும். ஆல்கஹால் உள்ள கைச்சுத்திகரிப்பான் பூச்சை ஓரளவு இளக்குகிறது, ஆனால் தோலை வறட்டுகிறது. பழைய பூச்சின் மேல் புதிய பூச்சை ஒரு கோட் தடவி ஈரம் காயும் முன் துடைப்பது உண்மையிலேயே வேலை செய்யும். புதியதிலுள்ள கரைப்பான் பழையதை இளக்கிவிடுகிறது. அவசரத்துக்கு மட்டும் அது போதும்.

பஞ்சுருண்டைகளுக்குப் பதில் பழைய பருத்திச் சட்டையைச் சதுரமாக வெட்டி வைத்திருக்கிறேன். சாயம் படிந்த துணி வெளுப்பாக மாறாது. ஆனால் சோப்பில் ஊறவைத்து அலசினால் மீண்டும் மீண்டும் உதவும். குழைந்த பூச்சை முதலில் ஒரு காகிதத்தில் வழித்து உலரவிட்டுக் குப்பையில் சேர்த்த பிறகே துணியை அலச வேண்டும். மீந்த நீக்கியையோ பழைய பூச்சையோ கழிவுநீர்த் தொட்டியில் ஊற்றக் கூடாது.

ஜெல் பூச்சு பூசுபவர்களுக்கு இந்த முறை எதுவும் பொருந்தாது. புற ஊதா ஒளியில் குறுக்குப் பிணைப்பாக இறுகிய அந்தப் படலத்தைச் சோயா நீக்கி அசைக்காது. மேற்பரப்பை அரத்தால் கீறி அசிட்டோனில் ஊறவைத்தே எடுக்க வேண்டும். சாதாரணப் பூச்சைப் பயன்படுத்துபவர் இரண்டில் ஒன்றைத்தான் மாற்ற முடியும் என்றால், பூச்சைக் கைவசம் இருப்பதாகவே வைத்துக்கொண்டு ரிமூவரை முதலில் மாற்றுங்கள்.