ஏழாம் குழியின் மணல்: ஒரே மைதானத்தில் பல ஆண்டு கோல்ஃப்

சென்ற வாரம் திருப்பூரிலிருந்து பனியன் கம்பெனி நண்பர் ஒருவர், நான் கோல்ஃப் ஆடும் மைதானத்தைப் பற்றிப் பேசினார். “அங்க வார நாள்ல காசு கொறச்சுட்டாங்களாமுங்க, நானும் வந்து ஆடிப் பாக்கலாமுங்களா?” என்றார். தாராளமாக வாருங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் ஏழாம் குழியின் வலப்பக்கத்துப் பங்கர், அதாவது பந்தைச் சிக்கவைக்கும் மணல்பள்ளம், கண்முன் வந்து நின்றுவிட, “எழுதி அனுப்பறேனுங்க” என்று போனை வைத்துவிட்டேன். எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டதால், இதே யோசனையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் வைக்கிறேன்.

கோல்ஃப் விதிகள் பெரிய அளவில் திருத்தப்பட்ட 2019ஆம் ஆண்டில்தான், என் பவுண்டரியின் (வார்ப்படப் பட்டறையின்) பொறுப்பை மகனிடம் ஒப்படைத்துவிட்டு நான் மட்டை பிடித்தேன். பெருந்தொற்றுக் காலத்து மாதங்கள் நீங்கலாக, வாரம் இரண்டு முறையாவது இந்த ஒரே மைதானத்தில்தான் ஆடி வருகிறேன். அதன் பெயரை எழுதப் போவதில்லை. குறை சொல்லப் போகிறேன், நாளைக் காலையும் அங்கேதான் போயாக வேண்டும். உறுப்பினர் அட்டை கேட்காமல் அன்றைய கட்டணத்தைக் கட்டும் எவரையும் உள்ளே விடுவார்கள், ஒன்பது குழிகளை இரண்டு சுற்றுச் சுற்றிப் பதினெட்டாக்கிக்கொள்ள வேண்டும், கொங்கு வட்டாரத்தில் கணவாய்க் காற்று நேராக வந்து இறங்கும் மேட்டு நிலம் என்பவை போதும்.

கடினமான மைதானம்தான், ஆனால் வஞ்சகமில்லாதது. டீயில், அதாவது முதல் அடி அடிக்கும் இடத்தில், நின்று பார்த்தாலே பந்து எங்கே விழ வேண்டும் என்பது தெரிந்துவிடும். கண்ணுக்கு மறைவாக வெட்டி வைத்த குட்டை எதுவும் கிடையாது. நேராக அடித்த பந்து மேடு தட்டிப் புதருக்குள் போகும் அநியாயத்தை இத்தனை ஆண்டுகளில் நான் இரண்டு மூன்று முறைக்குமேல் கண்டதில்லை. கொஞ்சம் பிசகினால் கொஞ்சம் தண்டனை, அதிகம் பிசகினால் அதிகம் தண்டனை என்று அளந்து கொடுக்கிற இடம்.

அந்த அளவை மாற்றிக்கொண்டே இருப்பது காற்று. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அகலத்துக்கு விழுந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் தென்மேற்குப் பருவக்காற்று நம் பக்கம் புகுகிறது. பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைகள் நிற்பதும் அதை நம்பித்தான். எங்கள் நான்காம் குழி மேற்குப் பார்த்த 370 கெஜம், பார் 4, அதாவது நான்கு அடியில் முடிக்க வேண்டிய குழி. ஆடி மாதத்தில் மிகப் பெரிய மட்டையான டிரைவரும் அதற்கடுத்த பெரிய மட்டையும் சேர்ந்தாலும், குழியைச் சுற்றிக் கட்டையாக வெட்டிய புல்பரப்பான கிரீன் எனக்கு எட்டாது. அம்மியையே பறக்கவிடும் காற்றுக்கு, 46 கிராம்கூட இல்லாத பந்து எம்மாத்திரம்? அதே குழியில் மார்கழிக் கீழைக்காற்று முதுகில் தள்ளும்போது, இரண்டாம் அடிக்கு குறைந்த தூரத்துக்கான எட்டாம் நம்பர் இரும்பு மட்டையை எடுத்தாலே பந்து கிரீனைத் தாண்டிப் போய் உட்காருகிறது. ஒன்பது குழிதானே, சலித்துவிடாதா என்று கேட்பவர்கள் ஆடி மாதம் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கிப் பார்க்க வேண்டும். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறுவதால், முதல் சுற்றில் ஆடிய குழியை இரண்டாம் சுற்றில் வேறு மட்டையால் ஆட வேண்டிவரும். இந்த மைதானத்தில் எனக்கு இன்றுவரை தீராத ருசி அதுதான்.

புல்லைப் பற்றி ஒரு வார்த்தை: பெர்முடா என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அது நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அருகம்புல்லேதான், கிரீனில் இருப்பது அதன் ஒட்டு ரகம். கோடையிலும் பட்டுப்போகாமல் காப்பாற்றுகிறார்கள். மயில்கள் ஃபேர்வேயில், அதாவது டீக்கும் கிரீனுக்கும் நடுவிலுள்ள புல்வழியில், நின்றால் அவை போகும்வரை நாம்தான் காத்திருக்க வேண்டும். கேண்டீனில் காபி சுமார்.

இனி மணல். தொடக்கத்தில் எல்லாப் பங்கர்களிலும் ஆற்று மணல்தான் இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன் அதை அள்ளிவிட்டு எம்-சாண்ட் கொட்டினார்கள். ஆற்று மணல் கிடைப்பதில் உள்ள சிரமமும் விலையும் வீடு கட்டிய எவருக்கும் தெரியும் என்பதால், நிர்வாகத்தின் நெருக்கடி எனக்குப் புரியாமலில்லை. காவிரியையும் அமராவதியையும் சுரண்டி நான் கோல்ஃப் ஆட வேண்டும் என்று கேட்கவும் மாட்டேன். ஆனால் நாற்பது ஆண்டு மணலோடு பிழைத்தவன் நான். மோட்டார் பம்பு வார்ப்படத்தில் மணல் சரியில்லை என்றால் அன்றைய உருக்கே வீண். அந்தக் கண்ணோடு பார்க்கும்போது என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

எம்-சாண்ட் என்பது கிரஷரில் உடைத்த கல். அதன் மணிகள் உருண்டை அல்ல. முனையும் விளிம்புமாக ஒன்றோடொன்று கோத்துக்கொள்பவை. கட்டுமானத்துக்கான இந்தியத் தரம், உடைத்த கல்மணலில் 150 மைக்ரான் சல்லடையில் இறங்கும் தூள் 20 விழுக்காடு வரை இருக்கலாம் என்கிறது. கான்கிரீட்டுக்கு அதனால் கெடுதல் இல்லை, சந்துகளை அடைத்துக்கொள்ளும். பங்கருக்கோ, மணியில் பெரும்பகுதி கால் மில்லிமீட்டருக்கும் ஒரு மில்லிமீட்டருக்கும் இடையில் இருக்க வேண்டும்; அதற்குக் கீழான தூள் கூடினால் தண்ணீர் இறங்காது. மழை நின்று இரண்டு நாள் வெயில் காய்ந்தால், மேலே ஒரு விரல் கனத்துக்கு ஓடு கட்டிக்கொள்ளும்.

சென்ற ஐப்பசியில் அப்படி ஒரு காலை. ஏழாம் குழி 150 கெஜம், பார் 3. காற்றே இல்லை. பந்து கொஞ்சம் வலப்பக்கம் விலகி, கிரீனுக்குப் பத்துத் தப்படி தள்ளியிருக்கும் அந்தப் பங்கரில் இறங்கியது. சிறு பிசகு, சிறு தண்டனை என்றுதான் நடந்து போனேன். பந்து மணலில் பதியவே இல்லை, காரை போட்ட களத்தில் வைத்த எலுமிச்சம்பழம் போல மேலே உட்கார்ந்திருந்தது. 14 டிகிரி பவுன்ஸ் (அடிப்பாகத்தின் சாய்வு, பின்னால் சொல்கிறேன்) உள்ள சேண்ட் வெட்ஜை, அதாவது மணலுக்கான மட்டையை, எடுத்து, சொல்லிக் கொடுத்தபடி பந்துக்கு இரண்டு அங்குலம் பின்னால் இறக்கினேன். மட்டை மணலுக்குள் போகாமல் ஓட்டின்மேல் சறுக்கிப் பந்தின் நடுவயிற்றில் மோத, பந்து கிரீனைத் தாண்டி, வேலியோரத்து வெள்வேல மரத்தில் பட்டு, எல்லைக்கு வெளியே போய் விழுந்தது. அந்தக் குழியில் எட்டு அடி எழுதினேன்.

குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, பவுண்டரிப் பழக்கத்தில் இறுக்கிப் பிடித்துத் திறந்தேன். ஐந்து விரல் தடமும் அச்சாகப் பதிந்திருந்தது. இரண்டாக ஒடித்தேன், ஒடித்த விளிம்பு உதிரவில்லை. பெண்டோனைட் களிமண்ணும் தண்ணீரும் அளந்து கலந்து, அச்சுப் பிடிக்கும் என் மோல்டர் இப்படி ஒரு பிடி காட்டியிருந்தால் அவருக்கு அன்று பஜ்ஜியும் டீயும் வாங்கிக் கொடுத்திருப்பேன். பங்கர் மணல் இப்படிப் பிடித்து நிற்கக் கூடாது.

பவுன்ஸ் என்பதையே இங்கே சொல்லிவிடுகிறேன். 1932இல் பிரிட்டிஷ் ஓப்பனை வென்ற ஜீன் சாரசன், தம் மட்டையின் அடிப்பாகத்தில் கூடுதல் உலோகத்தைப் பற்றவைத்து, அடிப்பாகத்தின் பின்விளிம்பு முன்விளிம்பைவிடத் தாழ்ந்திருக்கும்படி செய்துகொண்டார். பொலபொலவென்ற மணலில் மட்டை ஆழமாகப் புதைந்துவிடாமல், பந்துக்கடியில் வழுக்கிக்கொண்டு போக அது உதவும். பட்டறைக்காரன் என்ற முறையில் அந்த வேலைக்கு நான் தலைவணங்குகிறேன். ஆனால் மணலே தரையாகிவிட்டால், காப்பாற்ற வைத்த அதே பாகம் மட்டையைத் தூக்கியடிக்கும்.

இதை எனக்கு முதலில் சொன்னது புத்தகமல்ல, மட்டைப் பையைச் சுமந்துவரும் கேடி. “ஏனுங்கண்ணா, இது மணலுன்னு நெனச்சு அடிக்கறீங்க. தரைன்னு நெனச்சு அடிங்க. அந்த வெட்ஜை உள்ள வைங்க” என்றார். அவர் பேச்சைக் கேட்டு 6 டிகிரி பவுன்ஸ் உள்ள மட்டை ஒன்றைப் பழையதாக வாங்கினேன். முகத்தை அகலத் திறக்காமல், பந்துக்கு ஓர் அங்குலம் பின்னால் செங்குத்தாக இறக்கக் கற்றேன். இப்போது அந்தப் பங்கரிலிருந்து மூன்றில் இரண்டு முறை ஒரே அடியில் கிரீனில் ஏறிவிடுகிறேன். ஆற்று மணல் காலத்தில்கூட எனக்கு இந்தக் கணக்கு வந்ததில்லை. இது எரிச்சலைக் குறைக்கும் என்றுதான் எதிர்பார்த்தேன், கூட்டிவிட்டது. பிழையான மணலுக்கு என் கை பழகிவிட்டதால், வேறு ஊரில் நல்ல மணலில் ஆடப் போனபோது மட்டை கரண்டிபோலப் புதைந்து பந்து அங்கேயே நின்றது.

நிர்வாகத்திடம் மூன்று முறை எழுத்தில் கொடுத்திருக்கிறேன். இரண்டு பங்கர்களில் மட்டும் கழுவிய மணல் போட்டார்கள், ஏழாம் குழியைத் தொடவில்லை. வாரம் ஒருமுறை முள்கொத்தால் கொத்திவிடுகிறார்கள். அடுத்த மழைவரை நிற்கிறது. மணலோடு ஜல்லித் துண்டும் வருகிறது. பங்கருக்குள் கல்லைப் பொறுக்கி எறிய 2019 விதிகள் அனுமதிப்பதால் அது பெரிய குறையில்லை, ஆனால் பொறுக்கும்போது பந்து அசைந்தால் ஓர் அடி தண்டம் என்பதை மறந்துவிடக் கூடாது. பங்கருக்குள் ஆடவே முடியாது என்று தோன்றினால், இரண்டு அடி தண்டத்தோடு பந்தை வெளியே எடுத்துப் போட்டுக்கொள்ளவும் அதே விதிகளில் வழி இருக்கிறது. ஒரு நாள் கோபத்தில் ஏழாம் குழியில் அப்படித்தான் செய்தேன். உடன் ஆடியவர்கள் இன்னும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

ஆகவே திருப்பூர் நண்பருக்கு: கொடுக்கிற காசுக்கு இதைவிட நல்ல மைதானம் இந்த வட்டாரத்தில் எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் வர வேண்டாம் என்பதே என் பதில். நேற்று மாலை ஒரு மணி நேரம் மழை பெய்து இன்று சுள்ளென்று வெயில் அடிக்கிறது. ஏழாம் குழி நாளை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டே உங்களை அழைக்க மனம் வரவில்லை. அதையும் மீறிக் கிளம்பினால், காலை ஆறு மணிக்குள் வந்துவிடுங்கள், உங்கள் சேண்ட் வெட்ஜை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். 6 டிகிரி மட்டை என்னிடம் இன்னொன்று இருக்கிறது. கார் டிக்கியில் எடுத்து வைத்திருக்கிறேன்.