கோல் காப்பாளர் கையுறை: யாழ்ப்பாணத்து மைதானங்களில் ஏழு மாதப் பாவனைக்குப் பின்

நான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவன். பீட அணிகளுக்காக உதைபந்தாட்டம், ஹொக்கி, கைப்பந்தாட்டம் (ஹான்ட்போல்) ஆகிய மூன்றிலும் கோல் காப்பாளராக விளையாடுகிறேன். கடந்த வைகாசியில் யாழ். நகரில் உள்ள விளையாட்டுப் பொருட் கடையொன்றில் 6,800 ரூபாய்க்கு ஒரு சோடி உதைபந்தாட்டக் கையுறை வாங்கினேன். கச்சான் காற்றில் புழுதி பறக்கும் காலத்திலும், மாரி தொடங்கி மைதானத்தில் தண்ணீர் நிற்கும் காலத்திலுமாக, கார்த்திகை வரை அதைப் பாவித்துவிட்டேன். இங்கே கோல் காக்க வரும் பிள்ளைகள், கையுறை வாங்கும்போது கேட்டறிய ஆளில்லாமல் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அப்படித்தான் தடுமாறினேன். அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கடையில் நான்கு வகைகள் இருந்தன. மலிவான இரண்டின் உள்ளங்கையும் மழமழப்பான றப்பர் தாளை ஒட்டியது போலிருந்தது. பெருவிரலால் அழுத்தினால் அமுங்கவில்லை. நான் எடுத்ததில் அழுத்திய இடம் பள்ளமாகி, மெல்ல எழுந்து வந்தது. 3 மில்லிமீற்றர் லேற்றெக்ஸ் (பந்தைப் பிடிக்கும் மென்றப்பர்), அதன் அடியில் 3 மில்லிமீற்றர் நுரை என்று உறையில் போட்டிருந்தது. அங்கு நின்ற தம்பி என் கையைக் கண்ணால் பார்த்தே அளவு 8 என்று எடுத்துத் தந்தார். வீட்டுக்கு வந்து, அம்மாவின் தையல் நாடாவால், பெருவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையின் அகன்ற பகுதியைச் சுற்றி அளந்தேன். சரியாக எட்டு அங்குலம். அந்த எண்ணோடு ஒன்றைக் கூட்டி எடுப்பதுதான் கோல் காப்பாளர்களின் பொதுவான வழக்கம், ஏனென்றால் விரல் நுனிக்கு முன்னால் சிறிது இடம் இருந்தால்தான் பந்து மோதும்போது தையல் இழுபடாது. மறுநாள் கொண்டுபோனபோது கடைக்காரர் மறுபேச்சின்றி 9 ஆம் அளவை மாற்றித் தந்தார். அந்த நல்ல குணத்துக்காகவே அந்தக் கடைக்கு மீண்டும் போவேன்.

புதுக் கையுறையை அப்படியே மாட்டிக்கொண்டு மைதானத்தில் இறங்கக் கூடாது. இளஞ்சூட்டுத் தண்ணீரில் ஒருமுறை அலசி, நிழலில் காயவிட்டு, விளையாடுவதற்குச் சற்று முன் மீண்டும் உள்ளங்கையை ஈரமாக்கினால்தான் லேற்றெக்ஸ் பிடிக்கும். முதல் இரண்டு மாதங்களில், உள்ளங்கை ஈரமாக இருந்தபோது, அதன் பிடியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. மூலை உதையில் உயர்ந்து வரும் பந்தை, மூன்று பேர் தோளோடு தோள் உரச எழும்பும் நெரிசலில், இரு கையாலும் எட்டிப் பிடித்து நெஞ்சோடு அணைத்தபோது, பந்து தோலோடு ஒட்டியது போல் நின்றது. மழையில் நனைந்த பந்தைக்கூட இவ்வளவு நம்பிக்கையோடு முன்னர் நான் பிடித்ததில்லை.

ஆனால் இந்தக் கையுறை புல்தரைக்காகச் செய்யப்பட்டது. எமது பயிற்சி மைதானங்களில் பெரும்பாலானவற்றின் கோல் வாசலில் புல் இல்லை. ஆண்டாண்டாகக் காப்பாளர்கள் நின்று நின்று தேய்த்த, கல்லும் மண்ணும் கலந்த ஒரு குழிதான் இருக்கிறது. ஆடி மாதம் முடியும்போது வலது உள்ளங்கையின் அடிப்பகுதியில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஐந்து ரூபாய்க் குற்றி அளவில் லேற்றெக்ஸ் உரிந்து மஞ்சள் நுரை வெளியே தெரிந்தது. பந்து பட்டு அப்படி ஆகவில்லை. நான் எப்போதும் இடப்பக்கம் விழுந்து, வலது உள்ளங்கையைத் தரையில் ஊன்றி எழும்புபவன். ஒவ்வொரு முறையும் அந்த ஓர் இடம் கல்லில் அரைபட்டிருக்கிறது. அதைக் கண்ட பிறகு கையை முட்டியாக மடித்து, விரல் மொளிகளை ஊன்றி எழும்பப் பழகினேன். இடது கையுறையில் இன்றுவரை அப்படியொரு காயம் இல்லை என்பதால், இது பொருளின் குற்றத்தைவிடப் பழக்கத்தின் குற்றம் என்றே நினைக்கிறேன்.

கழுவும் தண்ணீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டுக் கிணறு சவர்த் தண்ணீர். அதில் கழுவிக் காயவிட்டால் உள்ளங்கை முழுவதும் வெள்ளையாகப் பூத்து, அப்பளம் போல விறைத்துவிடுகிறது. நல்ல தண்ணீர் ஒரு வாளி அயலில் எடுத்துக் கழுவத் தொடங்கிய பின்னர் அந்த விறைப்பு வரவில்லை. வலிகாமத்தின் செம்மண் பகுதிகளில் நல்ல தண்ணீர்க் கிணறு வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கரைச்சல் இருக்காது; கரையோரத்தில் இருப்பவர்கள் கட்டாயம் கவனிக்க வேண்டும். சவர்க்காரம் போட வேண்டாம், வெயிலில் கொடியில் தொங்கவிடவும் வேண்டாம்.

விரல்களின் பின்புறத்தில் கழற்றி மாட்டக்கூடிய ஐந்து பிளாஸ்ரிக் தகடுகள் இருக்கின்றன. விரல் பின்னோக்கி மடியாமல் தடுப்பதே அவற்றின் வேலை. நான் அவற்றுக்கு அதற்கு மேற்பட்ட வேலை ஒன்றைக் கொடுத்தேன். ஆவணியில் ஒரு மாலை ஹொக்கிப் பயிற்சிக்குப் போனபோது, இடது கைக்குரிய தடிப்பான நுரைக் காப்பு கோப்பாயில் ஒரு நண்பன் வீட்டில் தங்கிவிட்டது. காலில் பாட்கள், தலைக்கவசம் எல்லாம் இருந்தன; கைக்கு மட்டும் இந்தக் கையுறையைப் போட்டுக்கொண்டேன். உதைபந்து 410 முதல் 450 கிராம், ஹொக்கிப் பந்து 156 முதல் 163 கிராம் என்ற கணக்கை நம்பினால் ஹொக்கிப் பந்து எளியதாகத் தோன்றும். ஆனால் அது கல்லைப் போன்றது. கோலுக்கு முன்னுள்ள அடிக்கும் வட்டத்தின் விளிம்பிலிருந்து அடித்த பந்து பெருவிரல் நுனியில் பட்டது. தகடு இரண்டாக முறிந்தது. எலும்பு முறியவில்லை, நகம் கறுத்து, இரண்டு கிழமை பேனையைக்கூடச் சரியாகப் பிடிக்க முடியாமல் விரிவுரைக் குறிப்புகளை நண்பர்களிடம் வாங்கிப் படித்தேன். இந்தக் கையுறையை ஹொக்கிக்கு ஒருபோதும் போடாதீர்கள். ஹொக்கியில் காப்பாளர் பந்தைப் பிடித்து வைத்திருக்கவே முடியாது, தடுத்து விலக்கத்தான் முடியும் என்பதால், பிடிப்பதற்காகச் செய்த லேற்றெக்ஸால் அங்கே ஒரு பயனும் இல்லை.

கைப்பந்தாட்டத்தில் காப்பாளர்கள் கையுறை போடும் வழக்கமே இல்லை. 3 மீற்றர் அகலமும் 2 மீற்றர் உயரமும் கொண்ட அந்தச் சிறிய வாசலில், ஆறு மீற்றர்க் கோட்டுக்கு மேலால் பாய்ந்து எறிபவரின் முன் வெறுங்கையோடு, கையும் காலும் ஒருசேர விரித்து நிற்க வேண்டும். பிடிக்க நினைத்தால் பிந்திவிடும். உடலின் ஏதாவதொரு பகுதி பந்தின் வழியில் இருந்தால் போதும். டென்மார்க்கின் பீட்டர் ஷ்மைக்கேல் இளமையில் கைப்பந்து விளையாடியவர். 1992 ஐரோப்பியக் கிண்ணத்தை வென்ற அணியின் காப்பாளரான அவர், உதைபந்தாட்டத்தில் கைகால்களை நட்சத்திரம் போல விரித்துத் தடுத்ததை அங்கிருந்தே கொண்டுவந்தார். அந்தப் பழக்கம் எனக்கும் உதவியது. தனியாக முன்னேறி வரும் எதிரணி வீரரிடம் விழுந்து சரணடையாமல், கடைசி நொடிவரை நிமிர்ந்து நின்று காலை வீச இப்போது முடிகிறது. 7.32 மீற்றர் அகல உதைபந்தாட்ட வாசலில் எல்லாப் பந்துக்கும் அப்படி நிற்க முடியாது. தூரத்திலிருந்து வரும் உதைக்குப் பிடித்தே ஆக வேண்டும். அந்த இடத்தில்தான் கையுறைக்குக் கொடுத்த காசு பயன்படுகிறது.

புரட்டாதியில் வலது சுட்டுவிரலின் பக்கத் தையல் விட்டது. கடையில் உத்தரவாதம் எதுவும் கிடையாது என்பதால், சந்தைப் பக்கம் சப்பாத்துத் தைக்கும் ஐயா ஒருவரிடம் கொடுத்தேன். அவர் கையுறையை உட்புறமாகப் புரட்டி, பழைய நூலை முழுவதும் உருவிவிட்டு, மெழுகு பூசிய நைலோன் நூலால் நெருக்கமாகத் தைத்தார். லேற்றெக்ஸில் ஊசி ஏற்றினால் கிழிந்துகொண்டே போகும் என்று சொல்லி, துணி விளிம்பில் மட்டுமே ஊசியை ஓட்டினார். இருநூறு ரூபாய் வாங்கினார். மற்ற விரல்களின் தையல்கள் ஒவ்வொன்றாகத் தளர்ந்துவிட்டன. அவர் தைத்தது மட்டும் அசையவில்லை. வாங்கிய அன்றே பத்து விரல்களையும் அவரிடம் தைக்கக் கொடுத்திருக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது.

கார்த்திகையோடு உள்ளங்கையின் பிடி போய்விட்டது. நனைத்தாலும் பழைய ஒட்டு இல்லை. ஏழு மாதத்துக்கு 6,800 ரூபாய் என்றால் மாதம் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. மாணவனுக்கு அது சிறிய தொகையன்று. போட்டிக்கு மட்டும் பாவித்திருந்தால் இரண்டு பருவம் வந்திருக்கும் என்று நம்புகிறேன். வெறும் தரையில் பயிற்சி எடுப்பவர்கள் அதற்கு 2,500 ரூபாய்ச் சோடியைப் போட்டுக் கிழியவிட்டு, நல்லதைப் போட்டி நாளுக்கு வைத்திருங்கள். நான் இந்தத் தை மாதம் அதே கடையில், அதே வகையில், 9 ஆம் அளவையே வாங்கப் போகிறேன். பழைய சோடி பயிற்சிப் பையில் இருக்கும்.