மாவட்டக் கோர்ட் பக்கத்து ஆபீஸில் நாலு வாரம்

உசிலம்பட்டியிலிருந்து பஸ் ஏறி, மதுரை மாவட்டக் கோர்ட் பக்கத்தில் ஒரு சீனியர் வக்கீல் ஆபீஸில் நாலு வாரம் பயிற்சி முடித்தேன். பார் கவுன்சில் விதிப்படி ஐந்தாண்டுச் சட்டப் படிப்புக்கு 20 வாரம், மூன்றாண்டுக்கு 12 வாரம் பயிற்சி கட்டாயம். சான்றிதழுக்காக மட்டும் போகிறவர்களுக்கு இந்த ஆபீஸ் சரிவராது.

முதல் வாரம் வழக்குக் கட்டு தைத்ததும் பக்க எண் போட்டதும்தான். சலிப்பாக இருந்தது, ஒளிக்கவில்லை. அப்புறம்தான் குமாஸ்தா அண்ணன் கையில் விழுந்தேன். வக்காலத்தில் (கட்சிக்காரர் வக்கீலுக்கு அதிகாரம் கொடுக்கும் தாள்) வக்கீல் நலநிதி ஸ்டாம்பு ஒட்டுவது, கோர்ட் கட்டணம் கணக்கிடுவது, பிராது (வழக்கு மனு) ஏன் கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகிறது... எல்லாம் அவர் சொல்லித்தான் தெரியும். நான் எழுதிய பிராதில் வழக்குமூலம், அதாவது வழக்குப் போடக் காரணமான விஷயம், எழுந்த தேதியே இல்லை. "பாப்பா, இது இல்லாட்டி கேஸ் நம்பரே ஆகாது" என்று அடித்துக் காட்டினார். வகுப்பில் மூணு வருஷமாகப் புரியாதது அன்றைக்குப் புரிந்தது.

சீனியர் மாலை ஆறு மணிக்குமேல் உட்கார்ந்து, அன்றைய குறுக்கு விசாரணையை விளக்குவார். அதற்காகவே போகலாம்.

குறை ஒன்றுதான்: பஸ் காசுகூடக் கிடையாது. ஜூனியர் வக்கீல்களுக்கு மதுரையில் மாதம் 20,000 ரூபாய் தர வேண்டும் என்று 2024-ல் உயர்நீதிமன்றமே சொன்னது. மாணவர்களுக்கு அது பொருந்தாது. மதியச் சாப்பாடாவது போடலாம். கிராமத்திலிருந்து வரும் பிள்ளைகள் பாதியில் நின்றுவிடுவது இதனால்தான். சேருவதற்கு முன்னாடியே கேட்டுக்கொள்ளுங்கள்.

டிசம்பர் லீவில் மறுபடி அங்கேதான் போகிறேன்.